இருபது நிமிட இருட்டு

இலைக்குக் கவ்வி மாட்டியாயிற்று.
இனி இருபது நிமிடம்
யாரும் எதுவும் செய்வதற்கில்லை.

சென் ஃபிலிப், ஆகஸ்ட், காலை ஏழரை.
ஆறிப்போன எரிமலைக் குழம்பின் மேல் ஒரு காடு.
தாழையைக் கட்டிக்கொண்டு ஏறும் வெனிலாக் கொடி.
பிளாஸ்டிக் நாற்காலியில் என் பெட்டி,
கூட்டுறவுச் சங்கத்தின் சொத்து;
நனைக்காதீர் என்று
மூன்று மொழிகளில் ஒட்டியிருக்கிறார்கள்.
இந்த ஊரில் மழையில்லாத நாள்
நாட்காட்டியின் அச்சுப்பிழை.

"எதுக்கு இருட்டுல வைக்கிறீங்க?"
ஜோசியான் மர்தாயி கேட்டார்.
அவர் கிரியோலுக்கும் என் காரைக்கால் தமிழுக்கும் நடுவே
என் பள்ளிக்கூடப் பிரெஞ்சு
தட்டுத்தடுமாறிப் போய்வந்தது.

வெளிச்சத்தில் இலை வேலையாயிருக்கும்.
வேலையாயிருப்பவரிடம் உடம்பு எப்படி என்றால்
நல்லாத்தான் இருக்கேன் என்பார்.
கொஞ்சம் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.
அப்புறம் ஒரே ஒரு மின்னல்.
தின்ன முடிந்த வெளிச்சத்தை இலை தின்னும்.
மிச்சத்தில் ஒரு சிட்டிகையைச்
சிவப்பாகத் திருப்பித் தரும்,
நம் கண்ணுக்குப் பிடிபடாத சிவப்பு.
பெட்டி அதை எண்ணும்.
கிள்ளல் கிடையாது, கிழிசல் கிடையாது.

"போன வருஷம் வந்தவங்க
முப்பது இலையைப் பறிச்சு
உறையில போட்டு எடுத்துட்டுப் போனாங்க.
ஏதோ திரவத்துல கரைச்சுப்
பச்சையை அளப்பாங்களாம்.
பதில் கடிதம் வந்தப்போ
அந்த வரிசையே இல்ல."

சொல்லிவிட்டு ஒரு காயைத் திருப்பிக் காட்டினார்.
தோலில் ஊசிப் புள்ளிகள்,
அவர் பெயரின் இரண்டு முதலெழுத்துகள்.
திருடனுக்காகக் குத்தியது.
பிஞ்சில் குத்தினால்
காயம் ஆறி எழுத்தாகிவிடும் என்றார்.
"நானும் ஒண்ணும் சும்மா விடறதில்ல."

பதினோரு நிமிடம்.

கவ்வியை விரல் நுனியால் தொட்டார்.
"ரெனேவுக்கும் இப்படித்தான் ஒண்ணு மாட்டியிருந்தாங்க,
சென் பியேர் ஆஸ்பத்திரியில.
உள்ள சின்னதாச் சிவப்பு விளக்கு.
நகம் தணலாட்டம் இருக்கும்.
தொண்ணூத்தாறுன்னு காட்டுச்சு.
நல்ல நம்பர் மதாம்னு நர்ஸ் பொண்ணு சொன்னா.
விடியற வரைக்கும் நல்ல நம்பர்தான்."

அதற்கு மேல் சொல்லவில்லை.
நான் திரையைத் துடைத்தேன்,
துடைத்த இடத்தையே மறுபடி.

இந்தக் கவ்வி மெல்லிய இலைகளுக்குச் செய்தது,
கோதுமைக்கு, சோயாவுக்கு.
வெனிலா இலையோ நாக்குத் தடிமன்.
ரப்பர் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி
பொத்தானைத் தட்டினேன்.

நலமான இலை என்றால்
பூஜ்யம் புள்ளி எட்டை ஒட்டி வரும்.
வந்தது பூஜ்யம் புள்ளி ஆறு ஒன்று.

எண்ணெய் தேய்த்தது போல் மினுங்கும் இலை.
ஒரு மஞ்சள் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை.
"இன்னொரு இலைல பாருங்க," என்றார்.
இன்னொரு இருபது நிமிடம்.
கோழியொன்று பெட்டியைச் சுற்றி வந்தது.
பூஜ்யம் புள்ளி ஐந்து எட்டு.

வேர்தான், என்றேன்.
மேலே தெரிய இன்னும் மூன்று வாரம் ஆகலாம்.
அதற்குள் பக்கத்துக் கொடிக்கும் போயிருக்கும்.

அவர் கவ்வியைத் தானே கழற்றினார்.
தழும்பு தேடி இலையை இரு பக்கமும் பார்த்தார்.
கட்டைவிரலால் ஒரு தரம் நீவினார்.
"இதுக்கு வலிக்கவே இல்ல."

பிறகு இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

நுனியிலிருந்து மூன்று முழம் மட்டும் வெட்டி
வேறு மண்ணில் வைக்கத் தோளில் போட்டுக்கொண்டார்.
மற்றது வேரோடு வந்தது,
அழுகிய பழுப்பு வேர்,
பதினாலு காய்கள்,
பதினாலிலும் அவர் பெயர்.

என் பெட்டி ஒரு இலையையும் நோகடிக்கவில்லை.
அறிக்கையில் அப்படியே எழுதுவேன்,
பொய்யில்லை.

தூறல் விழுந்தது.
நாற்காலியிலிருந்த பெட்டியை எடுத்துத்
தன் மழைச்சட்டைக்குள் வைத்துக்கொண்டு
அடுத்த கொடிக்குப் போனார் ஜோசியான்.
ஒரு இலையைத் தேர்ந்தார்.
கவ்வி மாட்டினார், மூடியை இழுத்தார்,
நான் காட்டித் தராமலே.

எத்தனை மணிக்கு என்று கேட்க வாயெடுத்தேன்.

"பேசாதீங்க," என்றார்.
"அது கொஞ்சம் உக்காரட்டும்."